மூக்கு அடைச்சா இதயம் ஏன் பாத்ரூமுக்கு அனுப்புது?

உங்க வீட்டுல அப்பாவோ தாத்தாவோ சத்தமா குறட்டை விடுவாரா? ராத்திரி மூணு நாலு தடவை எழுந்து பாத்ரூம் போவாரா? பகலில் பேப்பர் படிக்கும்போதே கண் சொக்குதா? "வயசாயிடுச்சு, சுகரா இருக்கும்" என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்தக் குறட்டைக்கும் சிறுநீருக்கும் நடுவில் ஒரு ஹார்மோன் இருக்கலாம். அதைச் சுரப்பது இதயம்!

இதயம் வெறும் பம்ப் என்றுதானே படித்தோம்? 1981-இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர், எலி இதயத்தின் மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்திலேயே சிறுநீரில் உப்பும் நீரும் பல மடங்கு வெளியேறின. அதற்குக் காரணமான ஹார்மோன்தான் ஏட்ரியல் நேட்ரியூரெடிக் பெப்டைட், சுருக்கமா ஏஎன்பி. மனிதர்களில் இது 28 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி.

இதை நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாஷையில் பாருங்க. ரத்தத்தின் அளவு கூடினால் மேலறைச் சுவர் இழுபடும். அதுதான் சென்சார். சுவர் இழுபட்டதும் வெளிவரும் ஏஎன்பிதான் சிக்னல். சிறுநீரகம் ஆக்சுவேட்டர்: உப்பையும் நீரையும் வெளியேற்றும். ரத்த அளவு குறையும், இழுவையும் குறையும். அழகான நெகட்டிவ் ஃபீட்பேக்.

சரி, மூக்கு எங்கே வருது?

ஜூஸ் கடையில் பேப்பர் ஸ்ட்ராவின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்க. நனைந்த இடத்தில் ஸ்ட்ரா உள்பக்கமா ஒட்டிக்கும். நம்ம தொண்டையும் மெத்தென்ற குழாய்தான். தீராத அலர்ஜி, சைனஸ் கட்டி, வளைந்த நடுச்சுவர் எதனாலோ மூக்கு அடைபட்டால், மூச்சை இன்னும் பலமா உறிஞ்ச வேண்டும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்திருப்பதால் குழாய் மூடிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். மூச்சு நிற்பதும் திணறி மீள்வதுமாக இரவு போகும். இதுதான் ஸ்லீப் ஆப்னியா. உடல் பருமன், தாடை அமைப்பு போன்ற காரணங்களும் இதற்கு உண்டு.

மூடிய குழாய்க்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் ரொம்பக் குறையும். அதனால் அதிக ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து சேரும். மேலறை இழுபடும், ஏஎன்பி சுரக்கும், சிறுநீர் பெருகும். கவனிங்க: சென்சார் பழுதில்லை. இழுவை நிஜம். ஆனால் உடம்பில் நீர் கூடவில்லை, காற்றுப் பாதைதான் அடைபட்டிருக்கு. சரியான அளவீடு, தவறான முடிவு!

அதனால் ராத்திரி தண்ணீரைக் குறைப்பது மட்டும் போதாது. பாதையைத் திறக்கணும். ஆச்சரியமா, அதே 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் மூக்கு வழியா அழுத்தக் காற்று செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய சிபேப் கருவி அதிலிருந்து வந்ததுதான். அதைப் பயன்படுத்தும் பலருக்கு இரவுச் சிறுநீரும் குறைகிறது. மூக்கடைப்பைச் சரிசெய்தால் மட்டுமே ஆப்னியா தீர்ந்துவிடாது. ஆனால் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குவது எளிதாகும்.

இரவில் அடிக்கடி சிறுநீர் போக சர்க்கரை நோய், புராஸ்டேட், இதயச் செயலிழப்பு எனப் பல காரணங்கள் உண்டு. நாமே முடிவு கட்ட வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் குறட்டையைக் கொஞ்ச நேரம் கேளுங்க. நடுவில் சத்தம் நின்று, பிறகு திணறலோடு தொடங்குதா? போனில் ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு அவரை டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. தூங்குகிறவருக்குத் தன் குறட்டை கேட்காது. கேட்கிற நாம்தான் சொல்லணும்.