பத்து வெள்ளியும் ஒரு முடிவும்

லெம்பா பெர்த்தாமின் தேயிலைச் சரிவுகளில் பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தும் வேலைகள் தாமதித்தால் இலை கெட்டுவிடும். ஆகவே, ஆலையில்லாமல் பத்து ஏக்கர் தேயிலையை மட்டும் வாங்கிப் பிழைப்பது கடினம். ரப்பர் அப்படியன்று. பாலை உறையவைத்துக் கை இயந்திரத்தில் தகடாக உருட்டிக் காயவைத்தால், சிறு நிலக்காரரும் அதை விற்றுவிடலாம். அதனால் ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுபோடுவது எளிதாயிற்று. இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அங்கு வேலை செய்த குடும்பங்கள்.

1950ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். இதுவே தோட்டத் துண்டாடல். பால்மரம் வெட்டியவர்கள் வேலையை மட்டும் இழக்கவில்லை. அவர்கள் குடியிருந்த லயத்து வீடு, பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி, கும்பிட்ட கோவில் அனைத்தும் தோட்ட நிலத்திலேயே இருந்தன. வேலை போனால், அடுத்து வீடும் போகும்.

அப்பொழுது ம.இ.காவின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் வீ.தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர், ரப்பர்த் தோட்ட உரிமையாளர் ஒருவரின் மகன். துண்டாடலைக் கண்டித்து அறிக்கை விடுவதோடு அவர் நின்றிருக்கலாம். அரசு சட்டம் இயற்றட்டும் என்று காத்திருந்திருக்கலாம். அவர் எடுத்த முடிவு வேறு. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம்.

இன்று பத்து வெள்ளி சிறிய தொகையாகத் தோன்றும். நாள் கூலியாகச் சில வெள்ளியே பெற்ற குடும்பத்திற்கு அது அரிசியையும் மருந்தையும் குறைத்துத் தரும் பணம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, அந்தப் பணத்தைத் தம்மை நம்பித் தருமாறு கேட்டார். முயற்சி தோற்றிருந்தால், ஏழைகளின் சேமிப்பைக் கரைத்தவர் என்ற பழி அவரைச் சேர்ந்திருக்கும்.

நிலத்தில் உழைத்தவர்கள் நிலத்தை இழந்த கதை மலாயாவில் மட்டும் நடந்ததன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்தார். விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளின் குடும்பங்களுக்குத் தென்கிழக்குக் கடலோரத்தில் 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கப்பட்டது. ஏப்ரலில் அதிபர் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டிலேயே அந்நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பித் தரச் செய்தார். பயிரிட்டவர்களில் பலர் மீண்டும் பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழ வேண்டியதாயிற்று. ஓர் ஆணையால் வந்தது, இன்னோர் ஆணையால் போயிற்று. கூட்டுறவுச் சங்கமோ விலை கொடுத்து, பத்திரம் எழுதி வாங்க முனைந்தது.

வாங்கும் தோட்டத்தைக் குடும்பத்திற்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். சொந்த நிலம் என்பது யாருக்கும் பெருமை. ஆனால், பிரித்துக் கொடுத்தால் அதுவும் துண்டாடலே. கடன்பட்ட ஒருவர் தம் துண்டை விற்றால், அடுத்தவரும் விற்பார். ஆகவே தோட்டம் முழுமையாக, சங்கத்தின் பெயரில் இருந்தது. உறுப்பினர் பங்குதாரராகவும் தொழிலாளியாகவும் இருக்க முடிந்தது.

எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. பல தோட்டங்கள் சங்கம் தோன்றுவதற்கு முன்பே துண்டாகிவிட்டன. எனினும் 1961இல், கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே சங்கத்தின் முதல் தோட்டம். மாதந்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணம், முதன்முறையாக ஒரு முழுத் தோட்டமாக மாறியது.