தொண்டரைப் போற்றிய தண்ணீர்ப்பந்தல்

கூலி பெற்றுச் செய்வது வேலை; அன்பினால் தாமே முன்வந்து செய்வது தொண்டு. அத்தொண்டின் அருமையை நாம் உணர்ந்து போற்றுகின்றோமா என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில்தோறும் புல்லும் பூண்டும் செதுக்கினார். இஃது எளிய பணி போலத் தோன்றும். பறவைகளின் எச்சத்தால் விமானத்தில் விழும் அரச விதையும் ஆல விதையும் முளைத்து வேரூன்றுமாயின், நாளடைவில் கல்லும் பிளந்துவிடும். முளையிலேயே அவற்றைக் களைபவர் கோயிலையே காப்பவர் ஆகின்றார். திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்றின. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணிக் குளத்தில் எறிந்தார் என்கிறார் சேக்கிழார்.

பொருளை விரும்பாத தொண்டர்க்கு நாம் செய்யத்தக்க சிறப்பு யாது? திங்களூர் அப்பூதியடிகள் வரலாறு இதற்கு விடை கூறும். நாவுக்கரசரை நேரிற் காணாமலே, அவர் தொண்டின் பெருமையைக் கேட்டறிந்து, தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் மடத்துக்கும் அவர் பெயரையே இட்டார். தம் மைந்தர்க்கும் அப்பெயரே. வழிநடந்து களைத்தவர் பருகிய நீரெல்லாம் நாவுக்கரசர் பெயரால் வழங்கிற்று. ஒருவர் தொண்டைப் போற்றுதலே மற்றொரு தொண்டாய் விளைந்தது!

இனி, அடியேன் பிழையொன்றைக் கூறுவேன். நம் மயிலாடுதுறையில் ஐப்பசித் துலா நீராடல் கடைமுகத்தோடு நிறைவுறும். மறுநாள் கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு, முழுக்கு முடிந்த மறுநாட்காலை, ஓர் இளைஞர் படித்துறைச் சேற்றில் நின்று, நீராடியோர் விட்டுச் சென்ற ஈரத்துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார். கூலியாள் எனக் கருதி, "அந்த மூலையையும் பார்" என்று ஏவினேன். கூலியாளாயினும் அவ்வாறு ஏவுதல் தகாது. அவர் மறுமொழி கூறாது செய்து முடித்தார். தாமே வந்து பணி செய்த கல்லூரி மாணவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுத்த ஆண்டு அவரைத் தேடினேன், காணவில்லை. அப்பூதியடிகள் வரலாற்றைப் பல்லாண்டு பாடம் சொன்ன எனக்கு, அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லையே!

ஆதலின் அன்பர்களே, உழவாரப்பணி செய்வோரையும், அன்னதானத்தில் இலை எடுப்போரையும் கண்டால் நின்று பெயர் கேளுங்கள். ஒரு குவளை மோர் கொடுங்கள். அடுத்த முறை, திருக்கோயில் நிருவாகத்தின் இசைவு பெற்று, அவர்களோடு நீங்களும் இறங்கிப் பணி செய்யுங்கள். தொண்டர்க்கு நாம் அளிக்கும் மெய்யான சிறப்பு அதுவே.