பல்லும் சொல்லும்: செயற்கைப் பல்வேர் ஊன்றுமுன் எண்ண வேண்டியவை

தமிழாசிரியன் ஒருவன் பல் வைத்தியம் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என வாசகர் ஐயுறலாம். பொருந்தும் என்பதற்குத் தொல்காப்பியமே சான்று. எழுத்துக்களின் தோற்றத்தைக் கூறும் பிறப்பியல், ஒலி பிறத்தற்குரிய இடங்கள் எட்டனுள் பல்லையும் ஒன்றாக எண்ணுகின்றது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கின்றது. ஆகவே, முன்பல்லை இழந்தவன் முகப்பொலிவை மட்டுமன்றிச் சொல்லின் தெளிவையும் இழக்கின்றான். இழந்த பல்லின் இடத்தில் வேறொன்றை அமைக்கும்போது தோற்றம், மெல்லுதல், பேச்சு ஆகிய மூன்றும் நிறைவெய்த வேண்டும். இம்மூன்றும் வேர் ஊன்றும் நாளிலன்று, அதற்கு முன்னர்ச் செய்யும் திட்டத்திலேயே நிலைபெறுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேர் ஊன்றிய வரலாறு

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் என்பவர் 1952 ஆம் ஆண்டளவில் முயலின் எலும்பினுள் குருதி ஓடும் முறையை ஆராய்ந்தார். அதற்கென டைட்டேனியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியை எலும்பிற் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அதனைக் கழற்ற முயன்றபோது, அஃது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. எதிர்பாராத இந்நிகழ்ச்சியே புதிய வைத்தியத்துக்கு வித்தாயிற்று. 1965 இல் கோஸ்தா லார்சன் என்பாரின் கீழ்த்தாடையில் இவ்வுலோக வேர்களை அவர் ஊன்றினார். 2006 இல் லார்சன் இறக்கும்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அவை அவருக்குப் பயன்பட்டன.

இயற்கைப் பல் முடி, கழுத்து, வேர் என மூன்று பகுதிகளை உடையது. செயற்கைப் பல்லிலும் இவற்றுக்கு ஈடான மூன்று பகுதிகள் உண்டு. எலும்பினுள் நிற்கும் உலோக வேர் ஒன்று. அதன்மேற் பொருத்தும் இணைப்புத் துண்டு ஒன்று. வெளியே தோன்றும் முடி ஒன்று. முடியைப் பெரும்பாலும் பீங்கான் போன்ற பொருள்களாற் செய்வர்.

முடிவிலிருந்து தொடங்குதல்

எலும்பு எங்கே தடித்திருக்கின்றதோ அங்கே வேரை ஊன்றிவிட்டு, பின்னர் அதற்கேற்றவாறு பல்லைச் செய்வோம் என்று எண்ணுதல் எளிது. அவ்வாறு செய்யின், வேர் உதட்டின் பக்கமாகவோ நாவின் பக்கமாகவோ சாய்ந்து நிற்க, பல் நீண்டோ தடித்தோ அமைய நேரும். கோணலாய் முளைத்த இயற்கைப் பல்லைக் கம்பி கட்டி நகர்த்தலாம். எலும்போடு ஒன்றிய வேரையோ எக்காலத்தும் நகர்த்த இயலாது. அதனை அகற்றுவதாயின் எலும்பும் உடன் குறையும். பிழையின் விலை இத்துணைப் பெரிதாதலின் திட்டம் இன்றியமையாததாகின்றது.

ஆகவே, தேர்ந்த பல் வைத்தியர் முதலில் முடியைத் தீர்மானிக்கின்றார். வாயின் அச்செடுத்து, இழந்த பல்லை மெழுகினால் உருவாக்கி, அதன் நீளம், அகலம், சாய்வு ஆகியவற்றைக் காண்கின்றார். பின்னர் முப்பரிமாண எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பின் அளவை நோக்கி, அம்முடியைத் தாங்குதற்கு வேர் எங்கே நிற்க வேண்டும் எனக் குறிக்கின்றார். எலும்பு போதாதாயின், வேரை இடம் மாற்றுவதை விடுத்து எலும்பை வளர்க்க வழி தேடுகின்றார். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு தேய்வது இயல்பு. முதற் சில மாதங்களிலேயே அத்தேய்வு மிகுதி. எனவே, பல்லைப் பிடுங்குவதற்கு முன்னரே திட்டமிடுதல் சிறப்புடைத்து.

தோற்றத்துக்குரிய அளவுகள்

மேல் முன்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊன்றும் வேருக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே 1.5 மில்லிமீற்றராவது இடைவெளி வேண்டும். வேர்கள் இரண்டு அருகருகே நிற்பின் அவற்றிடையே 3 மில்லிமீற்றர் வேண்டும். உதட்டின் பக்கத்து எலும்பு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடித்திருத்தல் நன்று; மெலிந்திருப்பின் அது தேய, முரசு மேலேறிப் பல் நீண்டு தோன்றும். வேரின் தலை, முரசு அமைய வேண்டிய விளிம்பிலிருந்து 3 முதல் 4 மில்லிமீற்றர் ஆழத்தில் நிற்றல் வேண்டும்; அப்பொழுதே முடி முரசினுள்ளிருந்து முளைத்ததுபோற் காணப்படும்.

பற்களுக்கிடையே முக்கோணமாய் நிற்கும் முரசும் கருதத்தக்கது. அது குறைந்தால் அவ்விடம் கரிய துளைபோலத் தோன்றும். எவ்வளவு வெண்மையான பல்லும் அதனை மறைக்காது. சிரிக்கும்போது முரசு வெளியே தெரிவோர்க்கு இவையனைத்தும் இன்னும் நுணுக்கமாக நோக்கப்படும். ஆதலின் நோயாளி வாய்மூடி இருக்கும் நிலையில் மட்டுமன்றிப் பேசும்போதும் சிரிக்கும்போதும் வைத்தியர் அவரைக் காணுதல் வேண்டும்.

மெல்லுதலும் பேசுதலும்

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி நுண்ணிய நார்களாலான மெத்தை உண்டு. மெல்லும்போது பல் ஒரு மில்லிமீற்றரில் நூற்றிற் சில பங்கு அமிழ்ந்து எழும். உணவிற் கல் அகப்படின் உடனே உணர்த்தும். செயற்கை வேருக்கு அம்மெத்தை இல்லை. அது பெரும்பாலும் அமிழ்வதில்லை. மற்றைப் பற்களோடு ஒரே அளவாய் அதனை அமைத்தால் கடியின் பாரம் முழுவதும் அதன்மேல் விழும். எனவே மெல்லக் கடிக்கும்போது செயற்கைப் பல் மிக இலேசாகவே படுமாறு அமைப்பர். இரவிற் பற்களை நெறுமுவோர் அதனை முன்னரே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

நிலையான முடி பொருத்துமுன் தற்காலிக முடி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். அது முரசுக்கு வடிவு தருவதோடு பேச்சைச் சோதிக்கவும் உதவுகின்றது. மேல்நாட்டு வைத்தியர் 'எஃப்', 'வி' என்னும் ஒலிகளைச் சொல்லச்செய்து, மேற்பல்லின் நுனி கீழிதழை எங்கே தொடுகின்றது எனப் பார்ப்பர். நம்மவர்க்கு 'வெவ்வேறு', 'செவ்வாய்' போன்ற வகரம் மிக்க சொற்களைக் கொள்ளலாம். பல் நீண்டிருப்பின் இதழ் தடைப்படும். பல்லின் உட்புறம் தடித்திருப்பின் 'தந்தை', 'பந்தம்' முதலிய சொற்களில் நாநுனி இடமின்றித் தகரம் மழுங்கும். இத்தகைய குறைகளைத் தற்காலிக முடியிற் கண்டு திருத்துதல் எளிது.

கேட்க வேண்டியவை

எல்லார்க்கும் இவ்வைத்தியமே ஏற்றதென்று கொள்ளற்க. கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்ட பாலமோ சிலர்க்குப் போதும். கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலும் வேர் ஒன்றுதலைக் கெடுக்க வல்லன. வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோர் அவ்வழக்கத்தை விடுதல் வாய்க்கு எவ்வாற்றானும் நன்று. ஊன்றிய வேரைச் சூழ்ந்த முரசும் நோயுறும். ஆதலின் நாடோறும் தூய்மை செய்தலும் காலந்தோறும் வைத்தியரைக் காண்டலும் கடமையாம்.

பல் இழந்த அன்பர் வைத்தியரை அடைந்ததும், "எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்பதே பெரும்பான்மை. அதற்கு முன், "முடிவில் என் பல் எவ்வாறு இருக்கும்? அதனை மெழுகிற் காட்டுவீர்களா? அதற்கேற்ற எலும்பு உளதா? பேசிப் பார்த்துத் திருத்த இடம் உண்டா?" என்று கேட்பாராக. விடை கிடைத்தபின் ஊன்றும் வேரே நெடுங்காலம் நின்று, உணவுக்கும் சொல்லுக்கும் ஒருங்கே துணைசெய்யும்.