கட்டடத் தொழிலும் கணக்கறிவும்

கல்லும் சிமெண்டும் கம்பியும் சேர்ந்து கட்டடம் ஆகின்றன என்பர். அவற்றோடு கணக்கும் சேர வேண்டும் என்பேன் நான். கணக்கு என்றது பணக்கணக்கை மட்டும் அன்று. எத்தனை மூட்டை கலந்தது, எவ்வளவு நீர் ஊற்றியது, எந்த நாளில் தளம் இட்டது, எங்கே விரிசல் கண்டது என்னும் குறிப்புகள் யாவும் கணக்கே. ‘தரவு’ என்று இன்று வழங்குவது இதனையே. இதன் அருமையைத் தொழிலாளர் உணரச் செய்வது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

திருப்பதியை அடுத்த திருக்காளத்தியில், கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. விரிசல் பெரிதாவதைக் கண்டு அருகில் இருந்தோரை முன்கூட்டியே அகற்றியமையால் பேரிழப்பு நேரவில்லை. விரிசலைக் காண்பது ஒன்று. நேற்றைவிட இன்று அது விரிந்துளதா என அறிவது மற்றொன்று. பின்னதற்கு அளவும் நாளும் வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்திட்டு ஒட்டி, அருகே நாளைக் குறித்து வைப்பது பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டும். நாளைக் குறியாவிட்டால் உடைந்த கண்ணாடி பாதிச் செய்தியே சொல்லும்.

புதுக் கட்டடத்திற்கு வருவோம். சிமெண்டு மூட்டை ஒன்று 50 கிலோ. நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் 0.50 என வகுத்திருந்தால், மூட்டைக்கு 25 லிட்டர் நீரே உரியது. கலவை இளகி வரட்டும் என்று மேலும் 5 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.60 ஆகிவிடும், வலிமை குறையும். இரவு பெய்த மழையில் மணல் நனைந்திருந்தாலும் அதுவே நிகழும். 100 கிலோ மணலில் நூற்றுக்கு 5 பங்கு ஈரம் என்றால், ஏறத்தாழ 5 லிட்டர் நீர் நம்மை அறியாமலே கலவையில் சேர்ந்துவிடுகின்றது.

கலவையிலிருந்து 150 மில்லிமீட்டர்க் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 28ஆம் நாள் நசுக்கிச் சோதிப்பர். அந்த முடிவு வருவதற்குள் மேல்தளமே எழும்பிவிடலாம். ஆகவே, கலக்கும் வேளையில் எழுதும் குறிப்பே முதற்காவல்.

இக்காவல் தளர்வது ஏன்? சித்தூரிலும் திருப்பதியிலும் நான் கண்ட வேலைத்தலங்களில் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலித்தன. பதிவேடோ ஆங்கிலத்தில் இருந்தது. நீர் ஊற்றுபவர் சித்தாள், எழுதுபவர் மேற்பார்வையாளர். எழுதியதால் விளைந்தது என்ன என்பது ஊற்றியவர் காதுக்கு எட்டுவதே இல்லை. தமக்குப் பயன்படாத கணக்கை எவர் மதிப்பர்? மாலையில், நினைவைக் கொண்டு, எல்லா நாளுக்கும் ஒரே எண் எழுதப்படுகின்றது. ஏட்டுக்குப் பதில் கைப்பேசி வந்தாலும் பொய் எண் மெய் எண் ஆகிவிடாது.

செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, பதிவேட்டின் தலைப்புகள் தொழிலாளர் அறிந்த மொழியில் இருத்தல். இரண்டாவது, சோதனை முடிவு வந்ததும் அந்தக் கலவையை இட்ட மேஸ்திரியையும் கொத்தனாரையும் சித்தாளையும் அழைத்து, “அன்று நீங்கள் அளந்து ஊற்றியதன் பயன் இது” என்று காட்டுதல். மூன்றாவது, குறையை உள்ளவாறு எழுதியவரைக் கடியாமை. “இன்று நீர் கூடிவிட்டது” என எழுதியவருக்குக் கூலி பிடித்தால், மறுநாள் முதல் ஏட்டில் குறையே இராது. கட்டடத்தில் மட்டும் இருக்கும்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை பொறியாளராக வேலைத்தலம் புகுவோம். இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் அறிந்திருப்பது நமக்கு வாய்த்த பெருந்துணை. சாரத்தின்மேல் நிற்பவரின் உயிரும், நாளை அவ்வீட்டில் உறங்கப்போகும் குழந்தையின் உயிரும் அந்த ஏட்டின் எண்களில் அடங்கியுள்ளன. அதனை எழுதுவோர்க்கும் எழுத உதவுவோர்க்கும் எடுத்துரைப்பது கற்ற நம் கடமை அன்றோ!