பிள்ளைகள் பென்சனுக்கு வரி கட்டணுமா?



நம் குழுச் சகோதரி ஒருவரின் கணவர் மில்லில் வேலை பார்த்தவர், பி.எஃப். பிடித்தம் உண்டு. அவர் இறந்தபின் சகோதரி தனக்கு மட்டும் பென்சன் கேட்கப் போனார். "பிள்ளைங்க பேர்லயும் பணம் வந்தா வரி போடுவாங்களாமே, நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. ஆகவே விவரம் தெரிந்துகொள்வோம்.

என்ன கிடைக்கும்?

1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் பென்சன் திட்டப்படி, விதவைப் பென்சனில் கால் பங்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக உண்டு. அம்மாவின் பணத்தில் குறைக்க மாட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை தருவார்கள். மூத்த பிள்ளைக்கு 25 முடிந்தால் மூன்றாவது பிள்ளைக்குத் தொடங்கும்.

வரி எப்படி?

பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை அதன் பென்சனை அம்மாவின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். 18 முடிந்தபின் அது பிள்ளையின் சொந்தக் கணக்கு. கடுமையான ஊனமுள்ள பிள்ளையின் வருமானத்தை அம்மாவோடு சேர்ப்பதில்லை. குடும்பப் பென்சனில் மூன்றில் ஒரு பங்கை (உச்சவரம்புக்கு உட்பட்டு) கழித்துவிட்டு மீதியைத்தான் வருமானமாகப் பார்ப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அம்மாவுக்கு மாதம் 2,000 ரூபாய், இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 500 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000, வருடம் 36,000. மூன்றில் ஒரு பங்கு கழிந்தால் 24,000. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. பழைய முறையில்கூட 2.5 லட்சம் வரை இல்லை. அப்புறம் என்ன பயம்?

யார் கவனிக்கணும்?

அம்மாவே நல்ல சம்பளத்தில் இருந்தாலோ, பிள்ளை பெயரில் பெரிய டெபாசிட் போட்டு வட்டி வந்தாலோ, அந்த வட்டியும் பென்சனும் அம்மாவின் வருமானத்தில் சேரும். அவர்கள் மட்டும் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாம் செய்ய வேண்டியது

10டி படிவத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் விடாமல் எழுதுங்கள். இறப்புச் சான்று, பிறப்புச் சான்று, பாஸ்புக் நகல் எடுத்து வையுங்கள். புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தச் சகோதரிக்கு இதை எடுத்துச் சொன்னோம். இப்போது மகன், மகள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் குழுவிலும் இப்படி யாராவது இருக்கிறார்களா? அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, கேட்டுப் பாருங்கள்.