மெதுவாகப் போகிறவருக்கும் அயர்ன்மேன்!

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்: மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து முடிப்பதே அயர்ன்மேன். பெரும்பாலான அயர்ன்மேன் போட்டிகளில் மொத்த அவகாசம் 17 மணி நேரம். நீச்சலுக்கு மட்டும் 2 மணி 20 நிமிடம். 100 மீட்டருக்கு மூன்றரை நிமிடம் எடுப்பவரும் இதில் தேறிவிடலாம்.

உண்மையான சோதனை சைக்கிள்தான். வார இறுதி நீண்ட பயிற்சியை, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். சாப்பாட்டையும் அப்போதே பழகுங்கள்: மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். பசிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். போட்டியன்று புது எனர்ஜி ஜெல் எதையும் தொடவே வேண்டாம்.

பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, செயினைப் பல்சக்கரத்தில் திரும்ப மாட்டும் வேலையை வீட்டிலேயே பலமுறை செய்து பாருங்கள். வழியில் பஞ்சரானால் உறவினரோ நண்பரோ கை கொடுக்க விதி இடம் தராது. இந்தப் பயிற்சியைப் பலரும் அலட்சியம் செய்வது எனக்கு வருத்தம்தான்.

ஓட்டத்தில் களைத்த பிறகு நடக்காமல், முதல் கிலோமீட்டரிலிருந்தே 4 நிமிடம் ஓடி, 1 நிமிடம் நடங்கள். ஆறரை மணி நேரம் கையிலிருந்தால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் தாராளம்.