வெள்ளை முடிக் கற்றையும் கேளாச் செவியும்



கேள்விச் செல்வத்தின் சிறப்பைச் சொல்லத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். செவிப்புலன் பிறவியிலேயே வாய்க்காத குழந்தைகளும் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் சிலருக்கு முன்நெற்றியில் ஒரு கற்றை முடி வெளுத்திருக்கும். கண்கள் நீலமாகவோ, ஒன்று நீலமும் மற்றது பழுப்புமாகவோ இருக்கும். தோலில் வெண்திட்டுகள் காணலாம். "கிரகணத்தில் தாய் வெளியே போயிருப்பாள்", "முன்வினைப் பயன்" என்று கோயில் மண்டபத்திலேயே சிலர் பேசக் கேட்டு நான் வருந்தியதுண்டு. உண்மைக் காரணம் வேறு.

செவிக்கும் நிறத்துக்கும் என்ன உறவு?

கரு வளரும்போது, முதுகுத்தண்டு உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து சில உயிரணுக்கள் புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி நிறமி அணுக்களாகி முடி, தோல், கண் ஆகியவற்றுக்கு நிறம் தருகிறது. அதே வகை அணுக்கள் உட்செவிக்கும் செல்கின்றன. அங்குள்ள திரவத்தில் பொட்டாசியத்தின் அளவையும் மின்னழுத்தத்தையும் அவை காக்கின்றன. அவை போய்ச் சேராவிட்டால் ஒலியை உணரும் ஆற்றல் குன்றுகிறது.

இந்நிலையை 1951ஆம் ஆண்டில் விரிவாக விளக்கியவர் டச்சுக் கண் மருத்துவர் வார்டன்பர்க். சுமார் 42,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு. 1981இல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ஷாவும் அவருடைய குழுவினரும், வெள்ளை முடிக் கற்றையுடன் குடல் நரம்புக் குறையும் கொண்ட 12 குழந்தைகளைப் பற்றி எழுதினர். அதனால் அவ்வகைக்கு வார்டன்பர்க்–ஷா என்று பெயர். பாக்ஸ்-3, எம்.ஐ.டி.எஃப்., சாக்ஸ்-10 முதலிய மரபணுக்களில் ஏற்படும் மாற்றமே இந்நோய்க்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

பெரும்பாலான வகைகளில், தாய் தந்தையருள் ஒருவரிடம் மாற்றம் இருந்தாலே போதும். ஒவ்வொரு மகப்பேற்றிலும் அது குழந்தைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தந்தைக்கு வெள்ளை முடி மட்டும் இருந்து, மகளுக்குச் செவி கேளாமலும் போகலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். நம் சமூகத்தில் வழங்கிவரும் மாமன்–மருமகள், அத்தை மகன்–மாமன் மகள் திருமணங்கள் வேறு சில பரம்பரைச் செவிட்டுத்தன்மைகளுக்கு வாய்ப்பைக் கூட்டுகின்றன. இதற்கோ, சொந்தத்தில் மணந்திருக்க வேண்டும் என்பதில்லை. எனவே தாயைப் பழிக்க எவருக்கும் நியாயமில்லை.

நாம் செய்யத்தக்கவை

பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்குதல் என்பதே மருத்துவர்கள் கூறும் நெறி. பிறந்த குழந்தை இரண்டு நாளாகியும் மலம் கழிக்காமல் வயிறு உப்பினால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். செவிக் கருவியோ, உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவியோ பலருக்குப் பயன் தருகிறது.

சைகை மொழியும் ஒரு செல்வமே. நமது பினாங்கில் தஞ்சோங் பூங்காவில் 1954இல் காதுகேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. வாய்மொழிக் கல்வியே மேலோங்கியிருந்த அக்காலத்தில், மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே தமக்குள் வளர்த்ததே பினாங்கு சைகை மொழி.

நன்கொடையாளர்களே! அன்னதானமும் திருப்பணியும் போல, ஓர் ஏழைக் குழந்தையின் செவிக் கருவிக்கும் அதன் பேட்டரிக்கும் அளிப்பதும் இறைவன் பணியே. சமய வகுப்பிலும் திருவிழாவிலும் சைகையில் எடுத்துச் சொல்ல ஒருவரை அமர்த்தினால், அக்குழந்தையும் முருகன் கதையை அறியும்.